மூணு இஞ்சு உசந்த பெடல்

கோகிலவாணி முறத்தில் போல்ட் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே கைப்பழக்கம். ஒரு நட்டை எடுத்து ஒவ்வொரு போல்ட்டிலும் சுழற்றிப் பார்ப்பாள். வழுக்கிக்கொண்டு இறங்கினால் வலது குவியல். பாதியில் பிடித்தால் இடது குவியல்.

அருளானந்தம் எதிரில் வந்து நின்றார். கையில் ஒரு தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"அப்படிக் கூப்பிடாதீங்க சார்." அவள் தலை நிமிரவில்லை. "துரையண்ணன் சிரிக்கிறாரு."

லேத் மிஷினில் நின்ற துரைக்கண்ணு நிஜமாகவே சிரித்தான். "சிரிக்காம என்ன பண்றது? பாலிடெக்னிக்குல எனக்குப் பாடம் நடத்துன வாத்தியாருங்க இவரு. ஏழாங் கிளாசோட நின்ன புள்ளைகிட்ட வந்து கை கட்டி நிக்கறாரு."

"நீ அன்னிக்கு ஒழுங்காக் கை கட்டிக் கேட்டிருந்தா, இன்னிக்கு உங்கிட்டயே கேட்டிருப்பேனே துரை" என்றார் அருளானந்தம்.

போத்தனூர் தாண்டி இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. பந்தயக் கார்களுக்கு அடிச்சட்டம் வெல்டு வைக்கிற இடம். பதினாலு வயசில் அங்கே கூட்டிப் பெருக்க வந்தவள் கோகிலவாணி. இப்போது இருபத்தேழு. அவள் வைத்த வெல்டை இரண்டாம் தடவை சோதிக்க வேண்டியதில்லை என்று பேர் எடுத்திருந்தாள். வேலையைக் காட்டச் சொன்னால் காட்டுவாள். பேசச் சொன்னால்தான் வராது.

காரை முழுசாக வாங்காமல், பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கோர்த்துக்கொள்வதற்குக் கிட் கார் என்று பேர். அதை ரோட்டில் ஓட்ட விடமாட்டார்கள். அந்தப் பித்துப் பிடித்தவர்கள் ஒரு பத்துப் பேர், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மூடிப்போன ஒரு மில்லின் மைதானத்தில் கூடி ஓட்டிப் பார்ப்பார்கள்.

அருளானந்தத்துக்குப் பதினோராவது ஆளாக வேண்டும். முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் என்ஜின் ஓட்டியவர் அவர். சாக்பீஸில் வரைந்த எந்த என்ஜினும் அவரை ஏற்றிக்கொண்டு ஓரடி நகர்ந்ததில்லை. தான் முடுக்கிய வண்டியில் தானே உட்கார்ந்து ஒரு சுற்று வரவேண்டும். ஆசை அவ்வளவுதான். ஓய்வு பெற்ற மறுமாசமே பொள்ளாச்சிக்குப் போய், அங்கே போட்டோவுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த முரளிதரனிடம், பாதியில் நின்றுபோன வண்டி ஒன்றை வாங்கி, கோகிலவாணியிடம் வேலை கற்றுக்கொண்டே கோர்ப்பதற்கு இந்தக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம். வண்டியில் அவரால் உட்காரவே முடியவில்லை. ஆறடி மனிதர். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இடது கால் க்ளட்ச் பெடலில் சிக்கியது.

"நாற்பத்தியோரு தப்பு பண்ணியிருக்கான் டீச்சர் அந்த ஆளு." தாளை நீட்டினார். எல்லாம் சிவப்பு மை. "க்ளட்ச் பெடல் மூணு இஞ்சு உசரம். அதோட தண்டு வேண்டாத நீளம். பெடல் மேல கிண்ணம் மாதிரி ஒரு தகடு வச்சிருக்கான். எதுக்கு, சாம்பார் ஊத்தவா? சீட்டை முன்னால தள்ளி முடுக்கியிருக்கான். கதவோரம் ஓர் இரும்பு வளையம். புத்தகத்துல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

முறம் நிற்கவில்லை.

"முதல்ல பெடலை அறுத்துடறேன். இரும்பு அறுக்கற ஆக்ஸா பிளேடு எடுத்துக்கட்டுமா?"

"இன்னைக்கு வேண்டாங்க சார்."

"ஏன்?"

"நீங்க இன்னும் வண்டியில உக்காரலீங்களே."

"அதைத்தானே சொல்றேன்! உக்கார முடியாமத்தான் அறுக்கணுங்கறேன்."

"ஆமாங்க சார்" என்றாள். இடது குவியலை வழித்து டப்பாவில் கொட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மறுபடி வந்து கேட்டார். அவள் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயசுப் பெண். ஒவ்வொரு வாய்க்கும் ஓர் அணிலைத் தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

"இன்னைக்காவது அறுக்கட்டுமா டீச்சர்?"

"கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கிண்ணத்தைச் சுத்தி விரலை ஓட்டிப் பாருங்க சார். வெல்டு வைக்கறப்ப எத்தனை எடத்துல கையை எடுத்திருக்காருன்னு சொல்லுங்க."

அவர் போய் வண்டிக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, விரலை ஓட்டினார். மீன் செதில் மாதிரி வரிவரியாக வெல்டு போய்க்கொண்டே இருந்தது. ஒரு சுற்று முடிந்தது. ஆரம்பம் எது, முடிவு எது என்று தெரியவில்லை. இன்னொரு சுற்று ஓட்டினார்.

"எடுத்த இடமே தட்டுப்படலையே."

கையைக் கழுவிக்கொண்டு அவளும் வந்தாள். ஒற்றை விரலால் தொட்டாள். மேலே ஒன்றும் செய்யாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ஒரே மூச்சுங்க சார். இந்த மூலைக்குள்ள கை நுழையறதே கஷ்டம். நானா இருந்தா ரெண்டு தடவையாவது எடுத்திருப்பேன்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அன்று அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. நன்றாகப் படிக்கிற பையனின் விடைத்தாளில் கணக்கு விசித்திரமாக வந்தால், அவர் மார்க்கைக் குறைக்கமாட்டார். கேள்வித்தாளை எடுத்து இன்னொரு தடவை படிப்பார். அது நினைவுக்கு வந்தது. இங்கே விடை இருக்கிறது. கேள்வி என்ன?

வண்டியருகே போய் நின்றார். இந்தத் தடவை தன் இஷ்டத்துக்கு ஏறவில்லை. வளையம் எங்கே கையைக் கேட்டதோ அங்கே கையைக் கொடுத்தார். உடம்பு முழுவதும் அந்தக் கையில் தொங்கி, வழுக்கி, சீட்டில் இறங்கியது. முன்னால் தள்ளியிருந்த சீட்டில் ஒடுங்கினார். இடது காலை மடித்தார். இன்னும் மடித்தார். முழங்கால் நெஞ்சைத் தொட்டபோது பாதம் கிண்ணத்துக்குள் போய்ப் பொருந்தியது.

பாதத்தில் பலம் கொடுக்காமல் தொடையை மட்டும் அசைத்தார். க்ளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

தண்டு ஏன் நீளம் என்று தெரிந்துவிட்டது. நெம்புகோல். முப்பத்து நாலு வருஷம் நடத்திய பாடம்.

"டீச்சர்!"

துரைக்கண்ணு லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். வாத்தியார் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றே நினைத்தான்.

"இதைக் கட்டுன முரளிதரனுக்கு இடது கால் குட்டை. முழங்காலுக்குக் கீழே பலமில்லை. வண்டியில கையாலதான் ஏறுவார். ஒண்ணொண்ணா யோசிச்சு யோசிச்சு வச்சிருக்கார் மனுஷர்."

"வாங்கப் போனப்ப நீங்க பாக்கலீங்களா சார்?" என்றான் துரைக்கண்ணு.

"அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை." குரல் இறங்கிவிட்டது. "நான் வண்டியையே பாத்துக்கிட்டிருந்தேன்."

சாயங்காலம் பொள்ளாச்சிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் முரளிதரன் சிரித்தார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா? பாக்க வந்தவங்க எல்லாரும் 'இதை அறுத்துக்கலாமா'ன்னுதான் கேட்டாங்க."

"இவ்வளவு பண்ணிட்டு ஏன் விட்டுட்டீங்க?"

"வலது காலும் லீவு கேட்டுருச்சுங்க சார். இப்ப அந்த வண்டி எனக்கே பத்தாது." அப்புறம் மெதுவாகக் கேட்டார். "அந்தக் கிண்ணத்து வெல்டு... பாத்தீங்களா?"

"விரலால பாத்தேன்."

"அது பதினொண்ணாவது கிண்ணங்க சார். பத்தைத் தூக்கிப் போட்டுட்டேன்."

மறுநாள் காலையில் அருளானந்தம் தாளோடு வந்தார். சிவப்பு வரிகளில் முப்பத்தெட்டை அடித்திருந்தார்.

"மீதி மூணுங்க சார்?" என்றாள் கோகிலவாணி.

"அது நிஜமாவே தப்பு. ஒயரை மாத்திக் கொடுத்திருக்கார்." பெடலைப் பார்த்தார். "ஆனா இதைத் தொடமாட்டேன் டீச்சர். துடைச்சு, அப்படியே கொண்டுபோய் வீட்டு ஹால்ல வச்சுடறேன். நாலு பேர் பாக்கட்டும். மைதானம் போனாப் போகுது."

"வீட்ல அம்மா ஒத்துக்குவாங்களா?" என்றான் துரைக்கண்ணு.

"சோபாவை வெளிய போட்டுக்கலாம்."

சிரிப்பு வரவில்லை அவருக்கு. ஆறு வாரத்தையும் ஒரு சுற்றையும் சேர்த்து விட்டுக்கொடுத்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

கோகிலவாணி எழுந்தாள். புதுசாக ஒரு ஆக்ஸா பிளேடை எடுத்து, பல்லை வெளிச்சத்தில் பார்த்து, சட்டத்தில் மாட்டி முறுக்கினாள். அவரிடம் நீட்டினாள்.

"அறுங்க சார்."

அவர் ஓரடி பின்னால் போனார். "என்ன டீச்சர் இது! தப்புன்னு வந்து நின்னப்ப வேண்டாம்னீங்க. தப்பில்லைன்னு தெரிஞ்சதும் அறுங்கறீங்க!"

"ஆமாங்க சார்."

"மனசு வருமா இதுக்கு?"

"வராதுங்க சார்."

"கை நடுங்கும்."

"நடுங்கட்டுங்க. மெதுவாப் போவீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். வண்டியோரம் மண்டியிட்டார். வெல்டைத் தொடாமல் இரண்டு விரல் கீழே தள்ளி, தண்டின் மேல் பிளேடை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து, பெடல் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியும் அறுக்கப்போறதுதானே டீச்சர்? முதல் நாளே குடுத்திருந்தா என்ன?"

கோகிலவாணி முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு அறுத்திருந்தா அது கீழ விழுந்திருக்குங்க சார். இன்னைக்கு விழறதுக்கு முன்னால உங்க இன்னொரு கை தானாப் போயி அதை..."

"அம்மா! ஓடி வாம்மா!"

வேப்பமரத்தடியிலிருந்து மகள் கூப்பிட்ட குரலுக்கு அவள் எழுந்து ஓட, அருளானந்தத்தின் இடது கை தானாகப் போய் அந்தக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டது.