மதகு வழியும் மாறிய காற்றும்

ஏரி நடுவே ஒரு கடம்ப மரம். அதன் உச்சியில் ஒரு கூழைக்கடாவும் அதன் மனைவியும் கூடு கட்டியிருந்தன. கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. முந்தின நாள் மழையில் இரை கிடைக்கவில்லை. குஞ்சு கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பறவையானாலும் தெற்கே இருக்கும் மதகுப் பக்கமாக வந்துதான் மரத்தில் இறங்கும். வடக்கிலிருந்து வாடைக்காற்று எதிரே வீசும். அதனால் பறவையின் வேகம் தானாகக் குறையும்.

அன்று காற்று மாறிவிட்டது. தெற்கிலிருந்து சீறியடித்தது.

தொண்டைப்பை நிறைய மீனோடு ஆண் கூழைக்கடா மதகு வழியாகவே வந்தது. பின்னாலிருந்து காற்று தள்ள, கல்லெறிந்தாற்போல் பாய்ந்தது.

"இறங்காதீங்க! மேலே போங்க!" என்று மனைவி அலறியது.

"குஞ்சு பசியோட இருக்கே!"

"இருக்கட்டும்! நீங்க போங்க!"

ஆண் பறவை கிளையை ஒட்டி வந்து, சட்டென்று மேலே எழும்பியது. கீழே நீர்க்காகங்கள் சிரித்தன.

"என்ன மச்சான், மரத்துக்குப் பிரதட்சணமா?"

பின்னாலேயே வந்தது ஒரு நாரை. "பயந்தாங்கொள்ளி! நான் இறங்கறதைப் பாரு! எங்க தாத்தா காலத்திலேருந்து மதகு வழிதான்!" என்றது.

இறங்கியது. கால் கிளையில் படவில்லை. காற்று அதை அடிமரத்தில் கொண்டுபோய் மோதியது. இறக்கை முறிந்து, நாரை தண்ணீரில் விழுந்தது.



கூழைக்கடா ஏரியைச் சுற்றி, யாரும் வராத வடக்குப் பக்கமாக வந்தது. இப்போது காற்று எதிரே இருந்தது. ஆனாலும் பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்து அதைச் சாய்த்தது. மறுபடி எழும்பியது. மனைவி குஞ்சை அணைத்தபடி, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

அடுத்த சுற்றில் கூழைக்கடா மெதுவாக வந்து கிளையைப் பற்றியது. குஞ்சு தலையை அதன் பைக்குள் நுழைத்தது.

"இத்தனை சுற்று சுற்றினியே, வெட்கமா இல்லையா?" என்று ஒரு நீர்க்காகம் கேட்டது.

"என்ன வெட்கம்? மீனும் வந்து சேர்ந்தது, அப்பாவும் வந்து சேர்ந்தாச்சு!" என்றது மனைவி.

பார்ப்பவர் சிரிப்புக்கு அஞ்சி இறங்குவதைவிட, காற்றறிந்து திரும்பிப் போய் மீண்டும் வருவதே அறிவு.