பல்லி தின்ற சொல்

அந்தக் காலத்தில் பல்லி பேசும். தமிழ் மட்டுமா, இங்கிலீஷும் பேசும். சொற்களுக்கும் அப்போது உயிர் இருந்தது. எழுதிய தாளில் அவை பூச்சி மாதிரி உட்கார்ந்து லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

கடற்கரை ஊர் ஒன்றில் பனிமயம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் தொம்மை வெள்ளைக்காரன் கப்பலில் வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கப்பலுக்கு ஏதாவது என்றால் கம்பெனிக்காரன் இங்கிலீஷில்தான் கடிதம் போடுவான். அதைப் படித்துச் சொல்லச் சொல்லி அடுத்தவன் வாசலில் போய் நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் வீட்டுச் சுவரில் இருந்த பல்லி துறைமுக ஆபீசில் பிறந்து வளர்ந்தது. அதைக் கொழுந்தனாராக முறை வைத்து, அதனிடமே பாடம் கேட்க உட்கார்ந்தாள். அதுவும் அவளை அண்ணி முறையில் மைனி என்றது. பொழுது சாய்ந்ததும் விளக்கேற்ற வேண்டும், அதுதான் பல்லி கேட்ட கூலி. விளக்கு எரிந்தால் பூச்சி வரும், அதற்கு வயிறு நிறையும்.

“மைனி, ‘கோ’ன்னா போறது. தனியா வந்தா பயமில்ல. பின்னாலயே ஒரு குட்டிச் சொல்லு ஒட்டிக்கிட்டு வரும், அதத்தான் பாக்கணும். ‘கோ ஆன்’னா நிக்காம போய்க்கிட்டே இருக்கது. ‘கோ ஆஃப்’னா வெடி வெடிக்கது. ‘கோ அவுட்’னா விளக்கு அணையிது.”

“குட்டிச் சொல்லு இழுத்த பக்கமெல்லாம் பெருசு போயிருமா, கொழுந்தனாரே?”

“போயிரும். அதுக்குச் சொந்த புத்தி கெடையாது. நேத்து நடந்ததுன்னா பேர மாத்திக்கிட்டு ‘வெண்ட்’னு வரும். அசந்துராதிய, அதே ஆளுதான்.”

“கப்பலுக்கு என்ன வரும்?”

“‘கோ ஆன்’ வரலாம். ‘கோ டவுன்’ வந்தா, கப்பலு முங்கிப் போச்சுன்னு அர்த்தம்.”

பனிமயம் எல்லாப் பாடத்தையும் இரண்டு முறை திருப்பிச் சொல்வாள். அதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கடிதம் வந்தது. அதை விளக்கடியில் பிரித்து வைத்துவிட்டு, படிப்பதற்கு முன் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனாள். பல்லி இறங்கி வந்து பார்த்தது. கடைசி வரியில் கப்பலின் பெயர், அடுத்து ‘வெண்ட்’, அதற்குப் பின்னால் ‘டவுன்’. மற்ற சொற்கள் எல்லாம் துடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் அசையாமல் கிடந்தது.

தெரிந்தால் அழுவாள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விடுவாள். வீடு இருண்டுவிடும், பூச்சி வராது. பல்லி நினைத்தது இவ்வளவுதான். நாக்கை நீட்டி அந்தக் குட்டிச் சொல்லைத் தின்றுவிட்டது. அது சில்லென்று கரித்தது.

பனிமயம் வந்து விரல் வைத்துப் படித்தாள். கப்பல், வெண்ட். அப்புறம் ஈரமாக ஒரு வட்டம்.

“கொழுந்தனாரே, இதுக்குப் பின்னால என்ன இருந்திச்சு?”

அதற்குள் கிழக்குச் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்ட பல்லி, ‘ஆன்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. “ச்சு, ச்சு” என்றுதான் வந்தது. தின்ற சொல் உள்ளே போய் மற்ற சொற்களை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் போயிற்று, தமிழும் போயிற்று.

பனிமயம் சத்தம் வந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தாள். “மேலதான் இருக்காவ. முங்கல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரியைத் தூண்டிவிட்டாள்.

அதன்பின் தினமும் கேட்டாள். கடல் பக்கமிருந்து பல்லி கத்தினால் கப்பல் திரும்புகிறது என்பாள். அடுப்பங்கரையிலிருந்து கத்தினால் அவருக்குப் பசிக்கிறது என்று ஒரு தட்டு சோறு எடுத்து வைப்பாள். அந்தச் சோறு விடியும்வரை அப்படியே இருக்கும். இப்படியே ஏழு வருஷம் போயிற்று. விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்த்தது, ஆனால் பல்லிக்குத் தின்னப் பிடிக்கவில்லை. தான் செய்தது பாவம் என்று அதற்கு உறைத்துவிட்டது. அவள் எலும்பும் தோலுமாக ஆவதை அதனால் பார்க்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அது சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது. அவள் காலடியில் நின்று “ச்சு, ச்சு” என்றது.

பனிமயம் குனிந்து பார்த்தாள். கீழிருந்து சொன்னால் ‘டவுன்’ என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு முறத்தை எடுத்து, நோகாமல் அதை ஏந்தி, கிழக்குச் சுவரின் உச்சியில் கொண்டுபோய் விட்டாள்.

“இங்கன இருந்து சொல்லும், கொழுந்தனாரே,” என்றாள்.

பல்லி சொன்னது.

அன்று முதல்தான் இங்கிலீஷ் படிக்கிறவர்கள் பெரிய சொல்லைப் பிடித்துவிட்டு, பின்னால் வரும் குட்டிச் சொல் கிடைக்காமல் முழிக்கிறார்கள். பல்லி கத்தினால் நாமும் என்ன சொன்னது என்று கேட்காமல், நமக்கு வேண்டிய பக்கத்தில் அது இருக்க வேண்டுமே என்று சுவரைப் பார்க்கிறோம்.