சின்னராசா வாய் திறக்கவில்லை

முன்னொரு காலத்தில், மலை இறங்கி வந்து ஆற்றில் கால் நனைக்கிற இடத்தில் கொன்றைக்கோட்டை என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மாணிக்கபூபதி ராஜா. நல்ல ராஜாதான். ஆனால் ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டால் போதும், அதைக் கையை விட்டுக் கீழே வைக்கமாட்டார்.

அவருக்கும் மலைத்தலைவன் கோளனுக்கும் வெகுநாள் பகை. மந்திரி அறவாழி மலையேறிப் போய், பேசிப் பேசி அதைத் தீர்த்துவைத்தார். சமாதானத்துக்கு அடையாளமாகக் கோளன் என்ன கொடுத்தனுப்பினான் தெரியுமா? ஒரு மலைப்பாம்பு!

"இது எங்கள் குலக்காவல். கோழி தின்னும். பௌர்ணமிக்கு நானே வந்து பார்ப்பேன்" என்று சொல்லியும் அனுப்பியிருந்தான்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாம்புக்குச் சின்னராசா என்று பெயர் வைத்தார். தங்கச் சங்கிலி போட்டார். கொலுசு செய்ய அளவெடுக்க வந்த தட்டான்தான் பாவம், தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேதான் ராஜா கொலுவிருப்பார். வழக்குச் சொல்ல வந்தவனைக்கூட, "வழக்கு கிடக்கட்டும், தொட்டுப் பார், எப்படி வழவழவென்று இருக்கிறது!" என்பார். தினமும் முரசு முழங்கும். "சின்னராசா சாப்பிடும் நேரம்!" சபையே வட்டமாகக் கூடி நிற்கும். கோழியை விடுவார்கள்.

பாம்பு தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

பாயசம் வைத்தார்கள். அதிரசம் வைத்தார்கள். ஊஹூம். அரண்மனை வைத்தியர் மெதுவாக, "மன்னா, அதைக் கொஞ்சம் தனியே விட்டால்..." என்று இழுத்தார்.

"என்னைப் பார்த்து என் சின்னராசா பயப்படுகிறதா? என்ன திமிர் உமக்கு!"

மறுநாள் வைத்தியர் ஆற்றில் யானை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

உக்கிராணத்து அதிகாரி கும்பலிங்கம் திறந்தார். அரண்மனை அரிசி பருப்பெல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய கண்ணோ மந்திரி ஆசனத்தின் மேல்.

"மன்னா, பசித்த உயிர் எங்கே வைத்தாலும் தின்னும். இது தின்னவில்லை என்றால் நோய்ப்பாம்பு. நோய்ப்பாம்பை நம் தலையில் கட்டிவைத்தவர் யார்? நம் மந்திரியார்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "அறவாழி! பௌர்ணமிக்குள் சின்னராசா சாப்பிட வேண்டும். இல்லையென்றால் நீர் நாட்டைவிட்டே போய்விடும்!"

"உத்தரவு" என்று வணங்கிய அறவாழி, கும்பலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "பசித்த உயிர் எங்கே வைத்தாலும் தின்னுமா ஐயா?"

"தின்னும்."

"தாங்களும்?"

"நானா? என் சாப்பாட்டைப் பற்றி ஊருக்கே தெரியுமே! நான் தின்னாமல் எழுந்தால் நீர் சொல்லும் வேலையைச் செய்கிறேன், போதுமா?"

"மன்னர் சாட்சி" என்றார் அறவாழி.

மறுநாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார் கும்பலிங்கம். சபை நடுவில் தலைவாழை இலை. நெய் மணக்கும் பொங்கல், வடை, புளியோதரை. அவருக்கு நாக்கில் ஜலம் ஊறியது.

"சின்னராசாவுக்குச் செய்யும் மரியாதையில் ஒன்றும் குறையக்கூடாது" என்றார் அறவாழி.

காதருகே முரசு அதிர்ந்தது. சபையோர் எல்லாரும் முட்டி போட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"கையில் எடுத்துவிட்டார்!"

"வாய் திறக்குது, திறக்குது!"

"அய்யே, பல்லைப் பாருடி!" என்றாள் உப்பரிகையிலிருந்து ஒருத்தி.

ஒருவர் கன்னத்தைத் தடவினார். இன்னொருவர், "என்ன வழவழப்பு!" என்று தொப்பையைத் தொட்டார். கவளம் வாய்க்குப் போகும்போது இரண்டு காவலர்கள் அவரை அப்படியே தூக்கி, ராஜாவிடம் காட்டிவிட்டு, மறுபடி உட்கார வைத்தார்கள். மறுபடியும் முரசு!

கும்பலிங்கம் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சீ! நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விடுறீங்களா? எல்லாரும் வெளியே போங்கய்யா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது.

"மன்னா" என்றார் அறவாழி, "இவருக்குப் பேச்சு இருக்கிறது. சொல்லிவிட்டார்."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து பார்த்தார். அவர் கழுத்தில் கிடந்த சின்னராசா, அவருடைய அக்குளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தது. மெல்ல அதைக் கழற்றி, தங்கச் சங்கிலியையும் அவிழ்த்தார்.

"இதை எங்கே வைக்கட்டும், அறவாழி?"

மடைப்பள்ளிச் சுவரை ஒட்டிய அறை. அடுப்புச் சூடு சுவர் வழியாக இதமாக வரும். அங்கே ஒரு பெரிய மண்சாடியைப் படுக்கவைத்து, உள்ளே வைக்கோல் பரப்பிப் பாம்பை விட்டார்கள். வாசலில், ராஜா சாப்பிடும்போது கண் படாமல் இருக்கக் கட்டும் பட்டுத்திரை. காவலுக்குக் கும்பலிங்கம்! பந்தயத்தில் தோற்றவராயிற்றே.

முதலில் வந்தது யார்? ராஜாவேதான், பூனைபோல.

"கும்பலிங்கம், ஒரே ஒரு கண்ணால் மட்டும்..."

"முடியாது மன்னா. அந்தக் கஷ்டம் பட்டவனுக்குத்தான் தெரியும்!"

ராஜா அடங்கிப் போனார். சில நாள் போயின. பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை அறவாழி திரையை விலக்கினார். உள்ளே விட்ட கோழியைக் காணோம். சாடிக்குள் சின்னராசா சுருண்டு கிடந்தது, நடு உடம்பில் தேங்காய் போல ஒரு புடைப்பு!

கோளன் வந்து பார்த்தான். "எங்கள் மலையில்கூட இது இவ்வளவு சுகமாகத் தூங்கியதில்லை" என்று ராஜாவைக் கட்டிக்கொண்டான். பாம்புக்குப் போட்ட சங்கிலியை ராஜா தம் கையாலேயே அறவாழிக்கு அணிவித்தார்.

"எல்லாம் சரி, அறவாழி. அதைத் தனியே விடு என்று என்னிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பேன் மன்னா" என்றார் அறவாழி பணிவாக. "யானை குளிப்பாட்டத்தான் ஏற்கனவே ஒருவர் இருக்கிறாரே என்று பார்த்தேன்."

ராஜா எழுந்தார். வைத்தியரைக் கூட்டிவரத் தாமே ஆற்றுக்கு நடந்தார்.