மூன்று மெலிசாக்கள் கொடுத்த பெயர்

தேனீக்களுக்குப் பேச்சு இருந்தும் பெயர் இல்லாதிருந்த அந்தக் காலத்தில், கிரேக்க நாட்டின் ஐடா மலையடியில், விளக்கு வைத்த பிறகு ஒருநாள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பாறைமேல் செப்பு அண்டாவை இழுத்து வருகிற சத்தம்.

அங்கே ஒரு வீட்டுக்குள் இருந்த இளம் தாய் சின்ன மெலிசா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கூடையில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று அவள் பெற்ற மகன். மற்றது அரசன் குரோனோஸின் மகன். பிள்ளைகள் வளர்ந்து அரியணையைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, பிறந்த பிள்ளையை எல்லாம் விழுங்கிவிடுகிறவன் அந்த அரசன். கடைசிப் பிள்ளையை மட்டும் தாய்க்காரி ரகசியமாக இந்த மலைக்கு அனுப்பிவிட்டாள்.

அதை வளர்த்தவர்கள் மூன்று பேர். மூவர் பெயரும் மெலிசாதான். ஆட்டுக்கார மெலிசா பால் கொடுத்தாள், தேன்கார மெலிசா தேன் கொடுத்தாள், சின்ன மெலிசா மடி கொடுத்தாள்.

"மெலிசா!" என்று வாசலில் ஒரு குரல்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் நின்று யார் பெயர் சொன்னாலும் மறுகுரல் கொடுக்காமல் இருப்பது பெரிய அவமரியாதை. பழக்க தோஷம், மூவரும் ஒரே நேரத்தில், "இதோ, நான்தான்!" என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் தேன்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே வந்தவன் அரசனின் ஏவலாள். மூன்று பெண்களைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், மறுபடியும் பெண்களைப் பார்த்தான்.

"மெலிசாங்கிறவ ஒரு பிள்ளையை ஒளிச்சு வளர்க்கிறான்னு காக்கா சொல்லுச்சு. இங்கே என்னடான்னா மெலிசாவும் மூணு, பிள்ளையும் ரெண்டு!"

"அந்தக் காக்காயையே கேட்டுக்கோ, போ" என்றாள் ஆட்டுக்காரி.

அவன் சின்னவளிடம் குனிந்து, குரலில் தேன் தடவினான். "நீ பச்சை உடம்புக்காரி. உன் பிள்ளை எதுன்னு காட்டு, அதைத் தொடமாட்டேன். சத்தியம். மற்றதை அண்டாவில் போட்டுக்கிட்டுப் போயிடறேன்."

சின்ன மெலிசா கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரலை லேசாக நீட்டினால் போதும், தன் பிள்ளை பிழைத்துவிடும். அப்போது கூடைக்குள் ஒரு குழந்தை தூக்கத்திலேயே வாயைச் சப்புக்கொட்டியது. எந்தக் குழந்தை என்று அவள் பார்க்கவில்லை. இரண்டும் அவள் மடியில்தான் வளர்ந்தன.

"ரெண்டும் என்னுதுதான்" என்றாள். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஏவலாள் பல்லைக் கடித்தான். அண்டாவில் ஒரு பிள்ளைதான் கொள்ளும்; தவறான பிள்ளையைக் கொண்டுபோனால் அரசன் அவனையே விழுங்கிவிடுவான். "இரு, மோப்ப நாய்களைக் கூட்டிட்டு வரேன். எது யாருதுன்னு அதுங்க சொல்லும்" என்று வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். அந்நாளில் எல்லா வீட்டுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். உள்ளே இருப்பவர்கள் அரசனைத் தடுக்கக் கூடாது என்பது கட்டளை. கனத்த மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, தோல் வாரால் இறுகக் கட்டிவிட்டுப் போனான்.

சுவர் இடுக்கிலிருந்து ஒரு தேனீ எட்டிப் பார்த்தது. அந்தக் காலத்துத் தேனீக்கள் ஒன்றோடொன்று சேராமல், தனித்தனிப் பொந்தில் வாழ்ந்தன.

"அந்த வாரைக் கடிச்சிடலாம் தாயி. ஆனா நான் ஒருத்தி கடிச்சா விடிஞ்சுடும். மத்தவங்களைக் கூப்பிடலாம்னா, எங்கள்ல யாருக்கும் பேர் இல்லையே! யாரை என்னன்னு கூப்பிடுவேன்?"

"என் பேரை எடுத்துக்கோ" என்றாள் சின்ன மெலிசா.

"அப்புறம் உனக்கு?"

"ஒரே பேரை மூணு பேர் வச்சிருக்கோம், குறைஞ்சா போச்சு? எல்லாருக்கும் கொடு."

தேனீ இடுக்கு வழியாக வெளியே பறந்து, "மெலிசா!" என்று கத்தியது. தங்களை முதல் முறையாக யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்ட தேனீக்களெல்லாம் பொந்துக்குப் பொந்து எழுந்து வந்தன. தோல் வார் நூல் நூலாக அறுந்தது. கட்டை தொப்பென்று விழுந்தது, கதவு திறந்தது.

"ஓடிடலாம் வாடி!" என்றாள் ஆட்டுக்காரி.

"ஓடினா நாய் மோப்பம் பிடிக்கும் அக்கா. எவ்வளவு தூரம் ஓடறது? இது என் வீடு." சின்ன மெலிசா குனிந்து, வாசலில் கிடந்த கட்டையைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தாள். தேன்காரி தன் தேன்சாடி தொங்கவிடும் இரண்டு கொக்கிகளைக் கதவு நிலையின் உள்பக்கம் வைத்துப் பிடித்துக்கொள்ள, தேனீக்கள் மரப்பிசினைக் கொண்டுவந்து அப்பின.

பிசின் காய்வதற்குள் நாய்கள் குரைப்பது கேட்டது. மூன்று பெண்களும் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்கள்.

"மெலிசா!" என்று கத்தினான் ஏவலாள்.

வாழ்நாளில் முதல் முறையாக மூவரும் வழக்கத்தை மீறி, வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

ஆனால் பதில் வந்தது. கூரையிலிருந்து, மரத்திலிருந்து, பாறைப் பிளவிலிருந்து, "நான்தான், நான்தான், நான்தான்" என்று ஆயிரமாயிரம் குரல்கள் சேர்ந்து ஒரே ரீங்காரமாக எழுந்தன. எந்த மெலிசாவைப் பிடிப்பான்? நாய்கள் தேனீ கொட்டி மூக்கு வீங்கி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஓடின. அவற்றுக்கு முன்னால், அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான் ஏவலாள்.

அன்று முதல்தான் தேனீக்கள் அத்தனையும் ஒரே கூட்டில் சேர்ந்து வாழ்கின்றன. கூட்டைத் தொட்டால் இன்றும் எல்லாம் சேர்ந்துதான் பதில் சொல்லும். அந்த நாட்டில் தேனீக்கு இன்றும் பெயர் மெலிசாதான். கூட்டின் இடுக்கை எல்லாம் உள்ளிருந்தே பிசின் வைத்து அவை அடைப்பதும் அன்று பார்த்துப் படித்ததுதான். ஏனென்றால் அன்று பிசின் காய்ந்ததும், சின்ன மெலிசா கட்டையைத் தூக்கி, கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.