ஏழு தப்பு

மரக்கட்டைகளை வைத்துப் பிள்ளைகளின் அறிவை அளக்கும் அம்மா ஒருவர் காவிரிக்கரை ஊர் ஒன்றில் இருந்தார். பெயர் திலகவதி. அரிசி மண்டிக்கு மேலே ஒரு மாடி அறை. அதில் ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. பின்னால் சின்னதாக ஒரு உள் அறை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படிப்பு ஏறவில்லை என்று சொல்லப்படும் பிள்ளைகள் எல்லாம் அந்தப் படி ஏறித்தான் வருவார்கள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு சீடர். தணிகாசலம். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட இருபது வயது மூத்தவர். அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை சார் என்பார்.

சேர வந்த அன்றைக்கு அவர் கேட்டார்.

"எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டுட்டேன்மா. அதுங்களோட அறிவு தெரிஞ்சுதான் போட்டேனான்னு இப்ப சந்தேகமா இருக்கு. அளக்கிறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"கட்டையெல்லாம் தூசியா இருக்கு. தொடைச்சு வைங்க சார்."

ஒரு மாதம் துடைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதற்கும் பிறகுதான் ஒருநாள் அம்மா, "இன்னிக்கு வர்ற பிள்ளையை நீங்களே பாருங்க. கையெழுத்தும் நீங்களே போடுங்க," என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனார்.

அன்றைக்கு வந்தவள் தாரணி. பதினான்கு வயது. பள்ளிக்கூடத்து கிளார்க் முருகையன் கூட்டிக்கொண்டு வந்தான்.

"இவதான் சார். தாரணின்னு கேட்டா ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது. டியூப்லைட்னு கேட்டா வாட்ச்மேன்கூடக் காட்டுவார்."

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. பழகிப்போன பெயர் போலிருக்கிறது.

"இவளுக்கு என்ன செய்யணும்?"

"பத்தாவதுல நூறு சதவீதம் தேர்ச்சி காட்டணும் சார். இவ உக்காந்தா அது போச்சு. அறிவு எழுபதுக்குக் கீழேன்னு ஒரு தாள் குடுத்தீங்கன்னா பரீட்சை லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடுவோம். நாளைக்கு லிஸ்ட் போகுது. நான் மூணு மணிக்கு வர்றேன்."

"எழுபதுக்கு மேலே வந்தா?"

முருகையன் சிரித்தான். "வந்தா நான் மீசையை எடுத்துடறேன் சார்."

அவன் படியிறங்கிப் போனான். தணிகாசலம் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"பரீட்சை எழுதணும்னு ஆசையா?"

"எழுதணும் சார்."

"பாஸாயிடுவியா?"

"எழுதினாத்தானே சார் தெரியும்."

அவர் கட்டைப் பெட்டியைத் திறந்தார். ஒன்பது கட்டைகள். ஒவ்வொன்றிலும் சில பக்கம் சிவப்பு, சில பக்கம் வெள்ளை, சில பக்கம் குறுக்கே கோடு போட்டாற்போலப் பாதி சிவப்பு பாதி வெள்ளை. அட்டைகள் பத்து. அட்டையில் ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்துக் கட்டைகளை அதே மாதிரி அடுக்க வேண்டும். எழுதத் தெரிய வேண்டாம், பேசத் தெரிய வேண்டாம், கை இருந்தால் போதும்.

"அட்டையைத் திருப்பக் கூடாது. எந்திரிக்கக் கூடாது. மூணு நிமிஷம்தான்."

"சரி சார்."

ஸ்டாப் வாட்சை அமுக்கினார்.

அம்மா கற்றுக்கொடுத்ததில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. பிள்ளை எதிரே உட்கார்ந்து அடுக்குகிறது. அட்டையில் உள்ளபடி அது சரியாக அடுக்கினால், இந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். நமக்கு நேராகத் தெரிந்தால் பிள்ளை திருப்பி வைத்துவிட்டது என்று அர்த்தம். திருப்பி வைத்தால் மதிப்பெண் கிடையாது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்து போவார்கள். தணிகாசலம் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

தாரணி ஒவ்வொரு அட்டையையும் ஒருமுறை பார்த்தாள். அடுக்கினாள். முடிந்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாளில் எழுதினார்.

பத்து அட்டையும் முடிந்தபோது மணி ஒன்று.

அவர் தாளை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். அம்மா ஜன்னலோரம் எதையோ தைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு சரி, ஏழு தப்பும்மா. அம்பத்தெட்டு வருது."

"எந்த மூணு?"

"ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. அது மூணும் லேசுதான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிற படம்."

"மத்த ஏழும்?"

"திருப்பி வச்சுட்டா."

"ஏழையுமா?"

"ஏழையும்தான்."

"எங்கேயாவது ஒரு கட்டை நிறம் மாறிச்சா?"

"இல்லைம்மா. என் பக்கமிருந்து பார்த்தா அச்சு அசலா அட்டை மாதிரியே நேரா இருந்துது. அதை வச்சுத்தானே தப்புன்னு கண்டுபிடிச்சேன்."

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம். அந்தப் பொண்ணையும் உக்காரச் சொல்லுங்க. மெஸ்லேருந்து கேரியர் வந்துடுச்சு. வேலைக்காரம்மா லீவு. இன்னிக்கு நீங்க இலை போடுங்க சார்."

தணிகாசலம் வீட்டில் இலை போட்டதில்லை. போட்ட இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் பழக்கம். இருந்தாலும் குரு சொன்னால் செய்ய வேண்டியதுதான். கட்டைகளை ஒதுக்கிவிட்டு மேசையைத் துடைத்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். தணிகாசலம் எதிர்ப்பக்கம் நின்று ஒரு நுனியிலையை விரித்து, நுனி இடதுபக்கம் இருக்கும்படி பார்த்துப் போட்டார். நன்றாகத்தான் போட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

பெஞ்சிலிருந்து தாரணி எழுந்து வந்தாள். இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து அரைவட்டமாகத் திருப்பி வைத்தாள்.

"ஏம்மா, சரியாத்தானே போட்டிருந்தேன்?"

"நுனி அவங்களுக்கு இடதுகைப் பக்கம் வரணும் சார். நீங்க உங்களுக்கு வர்ற மாதிரி போட்டுட்டீங்க."

"என் பக்கமிருந்து பார்த்தா நேராத்தானே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

அம்மா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

தணிகாசலம் நின்றபடியே கேட்டார். "இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"எங்கம்மா பந்தி பரிமாறப் போகும் சார், கல்யாண மண்டபத்துக்கு. முகூர்த்த நாள்ல நானும் போவேன். அஞ்சாவதுலேருந்து போறேன். நாம நிக்கிற பக்கத்தை வச்சு உப்பு, ஊறுகாய் வச்சோம்னா எங்கம்மா கரண்டியாலயே தட்டும். சாப்பிடறவங்க பக்கத்தை நினைச்சுத்தான் வைக்கணும்."

"அந்தக் கட்டையை எல்லாம் ஏன் திருப்பி வச்சே?"

தாரணி புரியாமல் பார்த்தாள். "திருப்பலையே சார். உங்களுக்கு நேராத்தானே வச்சேன்."

"எனக்கு எதுக்கு நேரா வைக்கணும்?"

"பார்க்கப் போறது நீங்கதானே சார்?"

கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"சாதம் ஆறுது," என்றார் அம்மா.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். தாரணி இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டாள். தணிகாசலம் குழம்போடு எழுந்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்து தாளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"புத்தகத்துல இருக்கிறபடி பார்த்தா ஏழும் தப்புதான்மா."

"தப்புதான்."

"அப்ப அம்பத்தெட்டுன்னு எழுதிடவா?"

"அவளுக்கு அறிவு எவ்வளவுன்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"இதை வச்சு எப்படித் தெரியும்?"

அம்மா எழுந்தார். இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். மேசை மேல் கட்டைகளை வைத்தார். எட்டாவது அட்டையை எடுத்து, தாரணி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"சார், நீங்க இங்க வாங்க. தாரணி, நீ அங்க போய் சார் நாற்காலியில உக்காரு. அந்த வாட்சை எடுத்துக்க."

"என்னம்மா இது?" என்றார் தணிகாசலம்.

"இந்தப் படத்தை அவளுக்கு நேரா அடுக்குங்க."

அவர் உட்கார்ந்தார். தாரணி வாட்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

"ம்."

முதல் கட்டையை எடுத்தார். முழுச் சிவப்பு, அது எளிது. எதிர் மூலையில் வைத்தார். இரண்டாவது, பாதி சிவப்பு பாதி வெள்ளை. அட்டையில் சிவப்பு மேலே இடதுபக்கம் இருந்தது. அப்படியானால் அவளுக்கு... கட்டையை ஒருமுறை திருப்பினார். இன்னொருமுறை திருப்பினார். பழைய இடத்துக்கே வந்தது. அவர் விரல் மெல்ல அட்டைப் பக்கம் போயிற்று.

"அட்டையைத் திருப்பக் கூடாது சார். நீங்கதானே சொன்னீங்க."

விரலை இழுத்துக்கொண்டார். தலையைத் தோள் வரைக்கும் சாய்த்துப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"எந்திரிக்கவும் கூடாது சார்."

நெற்றியில் வேர்வை வந்தது. முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் முக்கோணத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டியவர்தான். நான்காவது கட்டை வரைக்கும் வந்தார். ஐந்தாவதை வைத்ததும் மூன்றாவது தப்பு என்று தெரிந்தது. மூன்றாவதை மாற்றினார். அதோடு எல்லாம் குழம்பிப் போயிற்று. மிச்சக் கட்டைகளை எப்படியோ வைத்து முடித்தார்.

தாரணிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"சாருக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுக்கட்டா?"

"உனக்கு அவர் சொல்லிக் குடுத்தாரா?"

"இல்லை."

"அப்ப வேண்டாம்."

"மூணு நிமிஷம் ஆயிடுச்சு சார்," என்றாள் தாரணி. சொல்லும்போது அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "பரவால்ல சார். எனக்கும் முதல்ல ஊறுகா இடம் மாறிப் போய்க்கிட்டே இருக்கும்."

ஒன்பதில் நான்கு கட்டை வேறு மாதிரி நின்றன. தணிகாசலம் தன்னுடைய தாளை இழுத்து எட்டாவது வரியைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு நொடி என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதுவும் அவர் போட்டதுதான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முருகையன் வந்து வாசலில் நின்றான். தாரணி வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் வாத்தியார் எதிரே வேர்த்துப்போய் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தாள் ரெடியா சார்?"

"இல்லை."

"ஏன் சார்?"

"சோதனை சரியா நடக்கலை."

"ஒழுங்கா உக்காந்திருக்க மாட்டா. நான்தான் காலையிலயே சொன்னேனே."

"அவ ஒழுங்காத்தான் உக்காந்திருந்தா. நான்தான் சரியா உக்காரலை."

முருகையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், தாள் இல்லாம பேரை எடுக்க முடியாது. நாளைக்கு லிஸ்ட் அப்படியே போயிடும்."

"போகட்டும்."

"ஹெச்.எம். என்னைத்தான் சார் திட்டுவாங்க. ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுக் குடுங்க. எழுபதுக்குக் கீழே எதுவா இருந்தாலும் சரி."

"முருகையா, நம்பர் என்கிட்ட இல்லை. இல்லாததை எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்? திரும்பவும் ஒருநாள் கூட்டிட்டு வா. நல்லாச் சொல்லிட்டு சோதனை வைக்கிறேன்."

"அதுக்குள்ள இவ பரீட்சையே எழுதிடுவா சார்."

"எழுதட்டும்."

முருகையன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு தாரணியிடம், "எடு பையை. உனக்கு நேரம் நல்லா இருக்கு," என்றான்.

தாரணி வாட்சை மேசையில் வைத்தாள். அம்மாவிடமும் சாரிடமும் போய்ட்டு வர்றேன் என்று சொன்னாள். படியில் இறங்கும்போது முருகையனிடம் ஏதோ கேட்டாள். "ஆமா, லிஸ்ட்ல இருக்கு, வா," என்று அவன் சொன்னது மேலே கேட்டது.

அம்மா ஊசியும் துணியும் எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

தணிகாசலம் எழுந்தார். அலமாரியிலிருந்து பதிவு நோட்டை எடுத்தார். அன்றைய தேதியை எழுதினார். அறையில் சோதனை நடந்தால் நோட்டில் ஏறியாக வேண்டும், அது அம்மா வைத்திருக்கும் சட்டம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, இன்னிக்கு நடந்ததுக்கு மதிப்பெண் என்ன போடட்டும்?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"யாருக்கு சார்?"