முதலிலிருந்து சொல்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. கோடையிலும் ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில், கடம்பையூரில் நெடுஞ்சாத்தனார் என்றொரு ஆசிரியர் பள்ளி நடத்திவந்தார்.

கெட்ட மனிதர் அல்ல. அடியாத மாடு படியாது என்று ஊரார் சொன்னால் முகம் சுளிப்பார்; பிரம்பைத் தொடமாட்டார். ஆனால் பிரம்பைவிடக் கொடிய சட்டம் ஒன்று வைத்திருந்தார். நீதிப்பாட்டு நாற்பதையும் பிள்ளைகள் நிறுத்தாமல் ஒப்பிக்க வேண்டும். நடுவில் கண் விலகினால், "முதலிலிருந்து சொல்" என்பார். ராஜாவும் அதை நாட்டுச் சட்டமாக்கிவிட்டார். மூன்றாம் ஆண்டு முடிவில் அரச சபையில் ஒப்பிக்க முடியாத பிள்ளைக்கு அதன்பின் பள்ளி இல்லை, ஏடும் இல்லை.

அங்கே படித்தவள் வெண்ணி, மருத்துவச்சி நாச்சியின் மகள். முன்னோர் எழுதிய மருந்தேடுகள் அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. வாசிக்கத்தான் ஆளில்லை. பிரசவத்தில் ஒரு உயிர் போகும்போதெல்லாம், இதற்கும் அந்த ஏட்டில் மருந்து இருந்திருக்குமோ என்று நாச்சி வெந்துபோவாள். அதற்காகவே மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள்.

வெண்ணியோ, எறும்பு போனால் எறும்போடு போவாள். காற்று அடித்தால் காற்றோடு போவாள். யாராவது தும்மினால் அந்தத் தும்மலோடும் போய்விடுவாள். ஏழாம் பாட்டுக்குள் கண் விலகும், முதலிலிருந்து. மறுபடி விலகும், மறுபடி முதலிலிருந்து. முதல் ஏழு பாட்டை ஆயிரம் முறை சொன்னவளுக்கு எட்டாம் பாட்டு என்னவென்றே தெரியாது. அது அவள் குற்றமா? ஆசிரியர் அப்படித்தான் நினைத்தார்.

சபைக்கு மூன்று மாதம் இருக்கையில் நாச்சி வந்து நின்றாள். "இருட்டுல கூட மோந்து பாத்தே மூலிகை பேரு சொல்லுவா ஐயா. இந்தப் பாட்டு மட்டும் ஏன் ஏறல?"

ஆசிரியர் மனம் கலங்கி வயல் பக்கம் நடந்தார். அங்கே வீரணன் என்பவன் ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, ஒவ்வொரு சால் தண்ணீரையும் எண்ணிப் பாடிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டாம் சாலில் காலில் முள் தைத்தது. உட்கார்ந்து பிடுங்கினான், வழியில் போனவனிடம் பேசினான், வானத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து இருபத்துமூன்று என்று பாடினான்.

நிறுத்தினால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டாமா என்று ஆசிரியர் கேட்டார்.

வீரணனுக்குக் கேள்வியே புரியவில்லை. "எறைச்ச தண்ணி வயலுக்குப் போயிருச்சே சாமி. அதை எதுக்குத் திரும்ப எண்ணணும்?"

மறுநாளிலிருந்து வெண்ணி நடந்துகொண்டே பாடம் சொன்னாள், இலை அரைத்துக்கொண்டே சொன்னாள். கண் விலகினால் ஆசிரியர் காத்திருந்தார். திரும்பி வந்ததும் அடுத்த அடியைக் கேட்டார். சில நாள் ஒரு பாட்டு ஏறும், சில நாள் அரைப்பாட்டு.

சபை கூடியது. முப்பத்தொன்றாம் பாட்டு முடிந்ததும் உத்தரத்தில் ஒரு அணில் ஓடியது. வெண்ணியின் கண் அதன் பின்னால் போயிற்று. சட்டப்படி முதலிலிருந்து சொல்லட்டும் என்றார் மந்திரி.

ஆசிரியரின் முப்பது ஆண்டுப் பெயரும் புகழும் அந்தச் சட்டத்தால் வந்தவை. ஆனாலும் அவர் எழுந்தார்.

"அரசே, அந்தச் சட்டத்தை வகுத்தவன் நான். தவறாக வகுத்துவிட்டேன். தோற்றவன் நான்தான், இந்தக் குழந்தை இல்லை."

பிறகு அவளைப் பார்த்து, "அடுத்தது சொல்லம்மா" என்றார்.

அணில் மறைந்தது. வெண்ணி முப்பத்திரண்டாம் பாட்டைத் தொடங்கி நாற்பதையும் முடித்தாள். நாச்சி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராஜா அன்றே சட்டத்தை நீக்கி, ஆசிரியருக்குப் பட்டு கொடுத்தார். அவர் அதை வாங்கவில்லை. வெண்ணிக்கு முன் தாம் விரட்டிவிட்ட பிள்ளைகள் மூவரைத் தேடிப் போனார்.

முதல் வீட்டுப் பிள்ளை மாடு மேய்த்தான். திரும்பி வரச் சம்மதித்தான். இரண்டாம் வீட்டுப் பிள்ளை கதவையே திறக்கவில்லை. மூன்றாம் வீட்டில் தாய் மட்டும் இருந்தாள். மகன் போன மாசி மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டான்.

"கடைசி மூச்சு வரைக்கும் முதல் பாட்டையேதான் சொல்லிட்டிருந்தான் ஐயா" என்றாள்.

நெடுஞ்சாத்தனார் அந்த வாசலில் விழுந்து அழுதார்.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: கவனம் சிதறும் பிள்ளையைத் தொடக்கத்துக்கே துரத்தாமல், நின்ற இடத்திலிருந்து கைபிடித்து அழைத்துப் போகிறவரே ஆசிரியர்.