வாய்க்காலை வளைத்த செக்கு முதலாளி

சித்திரசேன ராஜாவுக்கு நல்லது செய்யணும் என்று தோன்றிவிட்டால் போதும், அரண்மனையே அல்லோலகல்லோலப்படும். அன்றைக்கும் அப்படித்தான். "பட்டணத்துச் சீமையில் அரிசி விலை ஏறிப் போச்சு. இனி இங்கே தினக்கூலி மூன்று பணத்துக்குக் குறையக் கூடாது. மேட்டுச் சீமையில் விலைவாசி குறைவு, அங்கே இரண்டு பணம் போதும்" என்று தண்டோரா போட்டுவிட்டார். இரண்டு சீமைக்கும் நடுவே எல்லை, ஒரு வாய்க்கால்.

முதலாளிகள் முணுமுணுத்தார்கள். சாப்பாட்டுக்கடை காத்தாயி, "என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டாரே மகராசன்!" என்று நாள் முழுக்கப் புலம்பினாள். மறுநாள் தோசை விலையைக் கொஞ்சம் ஏற்றி, தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் மூன்று பணம் கொடுத்துவிட்டாள்.

ஆனால் செக்கு முதலாளி உலகளந்தான் இருக்கிறாரே, அவர் லேசுப்பட்ட ஆளா? வாய்க்காலையே வளைத்து வெட்டிவிட்டார்! செக்கடிக்கு மேற்கே ஓடிய தண்ணீர் இப்போது கிழக்கே ஓடியது. செக்கடி முழுசாக மேட்டுச் சீமைக்குப் போய்விட்டது. அதை வெட்டிய செலவில் ஆட்களுக்கு ஒரு வருஷம் கூலி கொடுத்திருக்கலாம். அட கஞ்சப் பிசினாரியே!

அங்கே எள் புடைக்கிற பூவாயி சபைக்கு வந்து அழுதாள். "மூணு பணம்னு நம்பி, பிள்ளைங்களுக்கு ராத்திரியும் சோறு போடலாம்னு சந்தோசப்பட்டேன், மகராசா. இப்ப நாங்க வேற சீமையாம்! அரிசி வாங்குறது என்னமோ இந்தப் பட்டணத்துலதான்."

உலகளந்தான் பணிவாகக் கும்பிட்டார். "வாய்க்கால்தான் எல்லைன்னு தாங்களே சொன்னீங்க, மகாராஜா. என் செக்கடி அந்தப் பக்கம். நான் மேட்டுச் சீமைக்காரன்."

ராஜா மீசையைக் கடித்தார். போட்ட ஆணையே வாயை அடைத்துவிட்டதே! அவை விகடர் தோணியப்பரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவர் சொல்றது சரிதான். மேட்டுச் சீமைக்காரராகவே வெச்சுக்குவோம், மகாராஜா" என்றார் தோணியப்பர்.

பூவாயிக்கு வந்ததே கோபம்! "நல்லா இருங்கய்யா!" என்று முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் தேர்த்திருவிழா. பட்டணத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கிற முதலாளிக்குத்தான் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை. அவர் வடம் தொட்டால்தான் தேர் நகரும். வருஷா வருஷம் அது உலகளந்தானுக்குத்தான். பட்டு வேட்டி, கழுத்து நிறையச் சங்கிலி, பின்னால் சம்பந்தி வீட்டுக் கூட்டம் என்று வந்து தலையை நீட்டினார்.

குருக்கள் அவரைத் தாண்டிப் போய், அவருக்கு அடுத்த பெரிய முதலாளியான காத்தாயியின் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார். "ஐயோ சாமி, எனக்கா? அங்க தோசை கருகுதே!" என்று அலறினாள் அவள்.

"என்னய்யா அநியாயம் இது?" என்று உலகளந்தான் குதித்தார்.

"மேட்டுச் சீமை விருந்தாளிகளுக்கு அந்த ஓரத்துல நீர்மோர் வெச்சிருக்கு" என்றார் தோணியப்பர். சம்பந்தியம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான், உலகளந்தானுக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாருய்யா மேட்டுச் சீமை? என் பாட்டன் காலத்துலேர்ந்து செக்கடி இந்தப் பட்டணத்துலதான் இருக்கு! ஊருக்கே தெரியும்!"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பூவாயி மட்டும் ஓங்கிக் குலவையிட்டாள்.

"அப்போ அந்த வாய்க்கால்?" என்றார் ராஜா.

"நான்தான் வளைச்சேன், மகாராஜா! இப்பவே தூர்த்துடறேன். அந்தப் பரிவட்டத்தை மட்டும்..."

"அது அடுத்த வருஷம். உன் ஆட்களுக்கு இன்று முதல் மூன்று பணம்!"

உலகளந்தானின் முகம் தொங்கிப் போனது. ஆனாலும் புத்தி போகுமா? "வாய்க்காலைத் தூர்க்கவாவது மேட்டுச் சீமையிலேர்ந்து ரெண்டு பணத்துக்கு ஆள் கூட்டிட்டு வரேன்" என்று முணுமுணுத்தார்.

"தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார் தோணியப்பர். "ஆனா வேலை நடக்கப் போறது பட்டணத்துல. இப்பத்தானே ஊரைக் கூட்டிச் சொன்னீங்க? ஆளுக்கு மூணு பணம், முதலாளி!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடமே கழன்று விழுந்தது. "இந்தா, இதை நீயே வெச்சுக்கய்யா!" என்று முத்துமாலையைக் கழற்றித் தோணியப்பர் கழுத்தில் போட்டுவிட்டு, மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.